படத்தை நீக்க மாட்டேன்

நேற்று நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். என் மாமியார் படுக்கும் அறையில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிற படத்தை நம் குழுவில் போட்டேன். கூட்டத்தில் கிடைத்த பதில்: "மேடம், முதலில் படத்தை நீக்குங்கள், வீட்டு விலை விழுந்துவிடும்." கூரை விழுந்ததைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

நீக்க மாட்டேன். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவைப் படியுங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து, அதை நாம் பில்டருக்குத் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். நமக்கு அந்தக் கெடு அடுத்த ஆண்டு முடிகிறது. அதுவரை நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்? பில்டருக்கு மட்டும்தான்.

"ஒரு வீட்டில் காரை விழுந்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்கிறார்கள். கம்பிக்கு மேல் கான்கிரீட் போதுமான கனத்தில் இல்லாவிட்டால் ஈரம் இறங்கும், கம்பி துருப்பிடித்து உப்பும், உப்பிய கம்பி காரையைத் தள்ளும். பில்டரின் ஆட்கள் வந்து பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். பெயின்டுக்குப் பின்னால் துரு ஏறிக்கொண்டேதான் இருக்கும். குருகிராமில் 2022 பிப்ரவரியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து இருவர் இறந்தார்கள். கான்கிரீட்டில் இருந்த குளோரைடு என்ற உப்புப் பொருள் கம்பியை அரித்திருந்ததை ஐஐடி டெல்லியின் ஆய்வு சொன்னது. அதன் பிறகும் விலைதான் முக்கியமா?

கும்பகோணத்தில் என் அப்பா வீடு கட்டியபோது, கான்கிரீட் நன்றாக இறுகத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது பள்ளிக்குப் போகும் முன் என் வேலை. கலவையில் கொத்தனார் தண்ணீரைக் கூட்டினால் அப்பா வேலையை நிறுத்திவிடுவார். அவர் தபால் அலுவலக எழுத்தர், பொறியாளர் அல்ல. நின்று பார்த்தார், அவ்வளவுதான். இங்கே முழுப் பணத்தையும் கட்டிய நம்மை, வேலை நடக்கும்போது உள்ளேயே விடவில்லை. பாதுகாப்புக்காம்.

பில்டர் நல்லவர், தீபாவளிக்கு இனிப்பு அனுப்புகிறார் என்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வழக்கு இழுக்கும் என்பது உண்மைதான். நொய்டாவின் எமரால்டு கோர்ட் குடியிருப்பாளர்கள், தங்கள் ஒப்புதல் இல்லாமல், விதிப்படி விட வேண்டிய இடைவெளியும் விடாமல் பில்டர் எழுப்பிய இரட்டைக் கோபுரங்களை எதிர்த்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் போராடினார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2022 ஆகஸ்டில் இடித்தார்கள். இங்கே வரைபடத்தில் விருந்தினர் கார் நிறுத்துமிடமாக இருந்தது கடையாகிவிட்டது. தீயணைப்பு வண்டி வர வேண்டிய பக்க இடைவெளியில் ஜெனரேட்டர் நிற்கிறது. அதே 14ஆம் பிரிவின்படி, பொது இடத்தை மாற்றக் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். உங்களில் யார் கையெழுத்துப் போட்டீர்கள்? அனுமதித்தபடி கட்டி முடித்ததற்கான பணி நிறைவுச் சான்றிதழின் நகல் கேட்டால் ஏன் எல்லாரும் தரையைப் பார்க்கிறீர்கள்?

விற்க நினைப்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது, வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. ஆனால் வாங்க வருகிறவரும் கடன் வாங்கித்தானே வருகிறார்? அவர் வீட்டிலும் ஒரு பெரியவர் அந்தக் கூரைக்குக் கீழே படுக்க மாட்டாரா?

"பாட்டியை ஹாலில் படுக்க வையுங்களேன்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். எண்பது வயதைத் தாண்டியவர் என் மாமியார். தன் நகையை விற்று இந்த வீட்டுக்குப் பணம் கொடுத்தவர். அவர் எங்கே படுப்பது என்பதை நீங்கள் சிரித்துக்கொண்டே முடிவு செய்வீர்களா?

கடிதம் தயாராக இருக்கிறது, ஸ்பீடு போஸ்டில் பில்டருக்குப் போகும். 30 நாட்களில் வேலை நடக்காவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் மனு. கசிவோ விரிசலோ இருப்பவர்கள் தேதியோடு படம் எடுத்து, வீட்டை ஒப்படைத்த கடிதத்தின் நகலையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். ஞாயிறு காலை கீழே இருப்பேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் மனுவில் சேரச் சம்மதம் என்று எனக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்.