கேத்திலின் அடியில் இருக்கும் பாடம்

கலைப்பிரிவு மாணவருக்கும் விஞ்ஞானத்தை ஒன்றிணைத்துக் கற்பிக்க வேண்டும், அதற்குப் பாடத்திட்டத்தைச் சுருக்கிக் கொடுத்தால் போதும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதற்கருத்து சரி. ஆனால் சுருக்கினால் போதும் என்பதை ஏற்க மாட்டேன். யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கலை வகுப்பொன்றுக்கு வீட்டுக் கேத்திலைக் கொண்டுபோனேன். அடியில் இறுகியிருந்த வெள்ளைப் படிவில் தேசிக்காய்ப் புளி விட்டதும் நுரைத்தது; வெளிவந்த வாயு காபனீரொட்சைட்டு. "இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவ்வளவுதான்: சுண்ணாம்புக்கல் நிலம், உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர், யாழ்ப்பாணத்தின் ஆழமான நிலாவரைக் கிணற்றின் அடிநீரிலுள்ள உப்பு, தோட்டத்து யூரியா உரம் நைத்திரேற்று என்ற சேர்வையாகிக் கிணற்றில் இறங்குவது என்று பாடம் ஓடியது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைச் சொன்னேன். மறுநாள் மூவர் போத்தலில் கிணற்று நீருடன் நின்றார்கள். அந்த நீரைச் சோதிக்க ஆய்வுகூடத்தைக் கேட்டால், அது விஞ்ஞானப் பிரிவுக்கு மட்டுமாம்!