கைதட்டைத் தின்னாத கம்ப்ரஸர்

"அண்ணா, குரலுக்கு எந்த கம்ப்ரஸர் ப்ளக்இன் வாங்கறதுங்க?" வாரத்துக்கு ஒருத்தராவது இன்பாக்ஸில் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் நம்ம பக்கத்துத் தம்பிகள்தான். பல்லடம், சென்னிமலை, கோபி. வீட்டில் ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஹெட்போன். சோமனூரில் என் அறையில் இருப்பதும் அவ்வளவுதான். தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்த பதிலை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன். கம்ப்ரஸர் என்றால், ஓங்கி வருகிற சத்தத்தை அமுக்கிப் பதிவை ஓரளவு சமமாக்குகிற கருவி. அதே வேலையை லேப்டாப்பில் செய்கிற சிறு மென்பொருள்தான் ப்ளக்இன்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நான் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மிக்ஸ் செய்கிறேன். அதோடு வரும் ரீகாம்ப்தான் இன்றைக்கும் நான் அதிகம் திறக்கிற கம்ப்ரஸர். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள் விண்டோஸில் ரீப்ளக்ஸ் என்ற தொகுப்பில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அட்டாக் (சத்தம் ஏறியதும் அமுக்கிப் பிடிக்க எடுக்கிற நேரம்) எத்தனை மில்லிசெகண்ட், ரிலீஸ் (பிடித்ததை விட எடுக்கிற நேரம்) எத்தனை என்று எண் கண்முன்னால் நிற்கும். அந்த எண்ணின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு வள்ளி கும்மியில்.

போன வருஷம் பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் திடலில் ஒரு கும்மிக் குழுவைப் பதிந்தேன். ஆசிரியர் ஒரு அடி பாட, பெண்கள் அதை வாங்கிப் பாடிக் கைதட்டிச் சுற்றி வந்தார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால், குரல் ஏறி இறங்குகிறது, கைதட்டு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. 1176 என்ற பழைய கம்ப்ரஸரின் மாதிரியில் செய்த ப்ளக்இன் ஒன்றைப் போட்டு நன்றாக இறுக்கினேன். திரையில் அலைவடிவம் வரப்பு வெட்டினது மாதிரி சமமாகிவிட்டது. சந்தோஷமாக ஆசிரியருக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். "பாட்டு நல்லாத்தான் இருக்குது கண்ணு. தட்டு எங்க போச்சு? தட்டு இல்லாம புள்ளைங்க எப்படி அடி வெக்கறது?"

அவருக்குக் கம்ப்ரஸர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் என்ன காணாமல் போனது என்று துல்லியமாகச் சொல்லிவிட்டார். 1176 என்பது 1967இல் பில் புட்னம் கொண்டுவந்த கருவி. அதன் அட்டாக்கை 20 முதல் 800 மைக்ரோசெகண்ட் வரைதான் வைக்க முடியும். எவ்வளவு மெதுவாக வைத்தாலும் ஒரு மில்லிசெகண்டுக்குள் பாய்ந்து பிடித்துவிடும். கைதட்டின் உயிரே முதல் சில மில்லிசெகண்டில் 'பட்' என்று வெட்டுவதில்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டால் அப்புறம் மிஞ்சுவது உள்ளங்கை உரசுகிற சத்தம். (அந்த அட்டாக் குமிழை வலப்பக்கம் திருகத் திருக வேகம் கூடும். மற்ற கம்ப்ரஸர் பழக்கத்தில் பலர் இதைத் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள்.)

அதை எடுத்துவிட்டு ரீகாம்பைப் போட்டேன். அட்டாக் 30 மில்லிசெகண்ட், ரேஷியோ (எவ்வளவு அமுக்குவது என்ற விகிதம்) 2:1. கும்மி போகப் போக வேகமெடுக்கும். அதனால் கடைசியில் வேகமாகத் தட்டுகிற பகுதியை ஓடவிட்டு, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் மீட்டர் பழைய நிலைக்கு வருகிற மாதிரி ரிலீஸை வைத்தேன். தட்டு திரும்பி வந்தது. உடுக்கை, பறை, ஜமாப் எது பதிந்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது அடி விழுகிற அந்தக் கணம் முழுசாக வருகிறதா என்பதைத்தான். வெளிநாட்டு ட்ரம் செட்டுக்கு யாரோ செய்து வைத்த ப்ரீசெட்டை அப்படியே நம்ம வாத்தியத்துக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

இன்னொரு விஷயம், மேக்கப் கெயின். கம்ப்ரஸர் அமுக்கியதில் குறைந்த சத்தத்தை மொத்தமாகத் திரும்ப ஏற்றுவதுதான் அது. எந்த ப்ளக்இன்னைப் போட்டாலும் உடனே "அடடா" என்று தோன்றுகிறது அல்லவா? பாதி நேரம் அது சத்தம் கூடியதால் மட்டுமே வருகிற நினைப்பு. கொஞ்சம் சத்தமாக இருப்பதைக் காது நல்லது என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் கம்ப்ரஸர் போட்டதும் போடாததும் ஒரே சத்தத்தில் கேட்கிற மாதிரி வைத்துவிட்டு, நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். தம்பி, கம்ப்ரஸரை விலக்கிவிடுகிற பைபாஸ் பட்டனை மாற்றி மாற்றி அழுத்துவான். எது பிடித்தது என்று சொல்ல வேண்டும். நான் பெரிதாக நினைத்திருந்த இரண்டு ப்ளக்இன்கள் இந்தச் சோதனையில் நிற்கவில்லை. சலுகை விலை என்று மெயில் வரும்போதெல்லாம் முதலில் இதைச் செய்து பாருங்கள், பணம் மிச்சமாகும்.

தறிக் குடோன் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த மேக்கப் கெயின் இன்னொரு தொல்லையும் தரும். அம்மாயி பாடிய தாலாட்டைப் பதிந்தபோதுதான் அனுபவப்பட்டேன். சன்னல், கதவு எல்லாம் சாத்தி, கம்பளி தொங்கவிட்டுப் பதிந்தேன். தறிச் சத்தம் ஏறக்குறையக் கேட்கவில்லை. 4:1 ரேஷியோவில், த்ரெஷோல்டுக்கு (அமுக்கத் தொடங்குகிற எல்லை) மேலே 12 டிபி (டெசிபெல்) ஏறுகிற குரல் 3 டிபி மட்டுமே மேலே வரும். 9 டிபி குறைந்துவிட்டதே என்று அந்த 9ஐ மேக்கப்பில் ஏற்றினால், அம்மாயி மூச்சு வாங்குகிற இடைவெளியில் இருக்கிற தறியும் அதே 9 டிபி ஏறி வரும். காதுக்கு அது கிட்டத்தட்ட இருமடங்கு சத்தம். வரிக்கு வரி 'டகடக' என்று தறி எழுந்து எழுந்து அடங்கியது. எந்த விலை கொடுத்து வாங்கிய கம்ப்ரஸராலும் இதற்குத் தீர்வு கிடையாது.

தீர்வு ஈபி கொடுத்தது. ஷட்டவுன் நாளில் காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் ஊரே அமைதியாகிவிடும். லேப்டாப் பேட்டரியிலேயே இன்டர்ஃபேஸும் மைக்கும் ஓடும். ஃபேன் இல்லாத அறையில் வேர்க்க வேர்க்க அம்மாயி உட்கார்ந்து பாடிக் கொடுத்தது. அதை மிக்ஸ் செய்தபோது, சத்தம் ரொம்பக் குறைந்த வரிகளை முதலில் கையாலேயே ஏற்றி இறக்கிச் சரிசெய்தேன். பிறகு எல்ஏ-2ஏ என்ற பழைய கம்ப்ரஸரின் மாதிரியில் அனலாக் அப்செஷன் நிறுவனம் இலவசமாகத் தருகிற லாலா என்ற ப்ளக்இன்னைப் போட்டேன். எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டுகிற ஊசி 3 டிபிக்கு மேலே போகவில்லை.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், குரலுக்கு என் பிரியமான கம்ப்ரஸர் இந்த எல்ஏ-2ஏ வகைதான். 1960களில் டெலிட்ரானிக்ஸ் செய்த அந்தக் கருவிக்குள் ஒரு வெளிச்சத் தகடும் ஒளியை உணரும் ஒரு சில்லும் இருக்கும். குரல் ஏறினால் தகடு ஒளிரும், ஒளிர்ந்தால் சத்தம் இறங்கும். விடுவிக்கும்போது பாதி சட்டென்று விடும், மீதி சில செகண்டு வரை எடுத்துக்கொண்டு மெல்ல விடும். வரியின் கடைசியில் "ஆராரோ" என்று அம்மாயி குரலைத் தேய்த்துக்கொண்டே போகிறபோது, பிடித்து இழுக்காமல் கூடவே நடந்து வருகிறது.

மொத்த மிக்ஸுக்கு டிடிஆர் கொட்டெல்னிகோவ் என்ற ப்ளக்இன். இலவசப் பதிப்பே போதும், 1 அல்லது 2 டிபி அமுக்கினால் சரி. கிளாங்ஹெல்ம் டிசி1ஏ இரண்டே குமிழ், அதுவும் இலவசம், புதிதாக வருபவர்களுக்கு நல்லது. ஃபேப்ஃபில்டர் ப்ரோ-சி ஒரு நண்பரிடம் பார்த்தேன். எவ்வளவு பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று படமாக ஓடும். வசதி இருப்பவர்கள் வாங்கலாம், வீண் போகாது.

ஒரு வேண்டுகோள். கம்ப்ரஸர் போடாத மூலப் பதிவை அழிக்காதீர்கள், பதியும்போதே கம்ப்ரஸரை ஏற்றிப் பதியாதீர்கள். அந்தக் கும்மியின் மூலப் பதிவு இருந்ததால்தான் தட்டைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. ஆசிரியருக்குப் புதிய மிக்ஸை அனுப்பிய அன்று ராத்திரி பதிலுக்கு ஒரு வீடியோ வந்தது. ஒரு வாசலில் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள், ஸ்பீக்கரில் எங்கள் பதிவு, அதற்கு அடி வைத்துக்கொண்டிருந்தார்கள்.