கிளியைக் காட்டிக் கொடுக்காதே!

வசந்தா: என்னடா மணி, காய்ச்சல் இன்னும் விடவில்லையா?

மணி: எங்கே விடுகிறது அக்கா! குளிர், தலைவலி, அடித்துப் போட்ட மாதிரி உடம்புவலி. வறட்டு இருமல் வேறு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் நிமோனியா என்கிறார்.

வசந்தா: மருந்து?

மணி: பென்சிலின் வகையறா. உடம்பைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வசந்தா: வீட்டில் பறவை உண்டா என்று கேட்டிருப்பாரே?

மணி: கேட்டார். இல்லை என்றேன்.

வசந்தா: அப்போது கூண்டில் பச்சையாக உட்கார்ந்திருப்பது தொட்டிச் செடியா?

மணி: மெதுவாகப் பேசு, அதற்குப் புரியும். சொன்னால் பழி அதன் தலையில்தானே விழும்!

வசந்தா: விழட்டும். கிளிக்காய்ச்சல் என்றே ஒன்று இருக்கிறதடா. கிளமிடியா சிட்டாசி என்று ஒரு பாக்டீரியா. காய்ந்த எச்சம் தூளாகிக் காற்றில் கலக்கும், மூச்சோடு நேரே நுரையீரலுக்குப் போகும். சரி, கூண்டை எப்படிச் சுத்தம் செய்கிறாய்?

மணி: நன்றாகக் காயவிட்டுச் சுரண்டுவேன். அப்புறம் மிச்சத்தை ஃபூ என்று ஊதிவிடுவேன்.

வசந்தா: ஊதிவிட்டு?

மணி: மூச்சை இழுக்காமல் எப்படி அக்கா இருப்பது?

வசந்தா: நாசமாய்ப் போச்சு! நனைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

மணி: ஆனால் கிளிக்கு ஒரு குறையும் இல்லையே. காலையிலிருந்து விசிலடிக்கிறது.

வசந்தா: பறவை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், எச்சத்தில் கிருமி போய்க்கொண்டே இருக்கும். மனிதனுக்குத் தொற்றினால் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் கிளம்பும். நீ இதை எப்போது வாங்கினாய்?

மணி: கணக்குப் போடாதே அக்கா, ஒத்துப்போகிறது.

வசந்தா: 1929-30-ல் இது பல நாடுகளில் பரவி, அமெரிக்க அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்கே தடை போட்டார்.

மணி: அதிபர் வரைக்கும் போட்டுக் கொடுத்துவிட்டார்களா! பாவம் கிளிகள்.

வசந்தா: பாவம் உன் நுரையீரல். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் அநேகமாக ஓரிரு நாளிலேயே காய்ச்சல் இறங்கிவிடும். பறவை இருக்கிறது என்று தெரிந்தால்தானே டாக்டருக்கு அந்த யோசனை வரும்?

கிளி: லொக்... லொக்...

மணி: ஐயோ, அதற்கும் இருமல்!

வசந்தா: உன்னைக் கேட்டுப் படித்தது. அது உனக்குக் காய்ச்சல் கொடுத்தது, நீ அதற்கு இருமல் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். எதற்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டு. பறவைக்கும் அதே மருந்துதான், வழக்கமாக 45 நாள்.

மணி: எனக்கு?

வசந்தா: டாக்டர் சொல்வார். ஒன்றிரண்டு வாரம் இருக்கும்.

மணி: அப்படியானால் என்னைவிட அதுதான் பெரிய நோயாளி! யார் யாரைக் கவனிப்பது?

வசந்தா: முதலில் போனைப் போடு.

மணி: (போனில்) வணக்கம் டாக்டர்... பறவை உண்டா என்று கேட்டீர்களே... எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில்...

கிளி: லொக்... லொக்... வணக்கம் டாக்டர்!

மணி: இல்லை டாக்டர், இப்போது இருமியது நான் இல்லை.