பொருளாதாரம் சேரும் முன் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறங்கள்

பிளஸ் டூ முடித்து பி.ஏ. பொருளாதாரம் சேரப்போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அட்மிஷன் சமயத்தில் "இதுல கணக்கு வராதுல்ல சார்?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. வரும். அதற்காகப் பயந்து வேறு பாடம் தேட வேண்டாம். முதலாண்டில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் பின்னம், சதவீதம், நேர்கோட்டுச் சமன்பாடு ஆகிய மூன்றில்தான். எல்லாமே பத்தாம் வகுப்புக்குள் படித்தவை. பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்களுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

சதவீதத்தையே பாருங்கள். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆகக் குறைத்தது. குறைந்தது 0.25 சதவீதப் புள்ளி. பழைய வட்டியோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய 3.8 சதவீதக் குறைவு. இந்த வித்தியாசம் பிடிபடாமல் பணவீக்கம், வளர்ச்சி விகிதம் எதைப் படித்தாலும் குழப்பம்தான்.

அப்புறம் பெருக்கி, அதாவது புதிதாகச் செலவாகும் ஒரு ரூபாய் நாட்டின் மொத்த வருமானத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்று சொல்லும் எண். மக்கள் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 80 காசைச் செலவழித்தால் பெருக்கியின் மதிப்பு 1/(1−0.8), அதாவது 5. இதை விளக்கிய பொருளாதார அறிஞர் கீன்ஸின் கருத்தை அழகாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள்கூட, ஒன்றை 0.2 ஆல் வகுக்கும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

நெகிழ்ச்சி இன்னும் முக்கியமானது. விலை ஒரு சதவீதம் மாறினால் தேவை எத்தனை சதவீதம் மாறும் என்பதுதான் அது. தேவைச் சமன்பாடு Q = 100 − 2P என்று வைத்துக்கொள்வோம். Q தேவை, P விலை. வரைந்தால் ஒரே நேர்கோடு, சாய்வு எங்கும் மாறாது. ஆனால் விலை 10 ரூபாயாக இருக்கும்போது தேவை 80. சாய்வான −2ஐ விலை/தேவை என்ற பின்னத்தால் பெருக்கினால் நெகிழ்ச்சி −2 × 10/80, அதாவது −0.25. விலை 40 ஆனால் தேவை 20, நெகிழ்ச்சி −4. முதல் இடத்தில் விலையைக் கொஞ்சம் ஏற்றினால் கடைக்காரரின் வருமானம் கூடும், இரண்டாவது இடத்தில் குறையும். சாய்வு வேறு, நெகிழ்ச்சி வேறு என்பதை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளை, இந்த இரண்டு பின்னங்களையும் தானே போட்டுப் பார்த்தால் பிறகு மறக்காது. இதில் வகையீடு (கால்குலஸ்) எங்கே வந்தது? பின்னமும் பிரதியிடலும் மட்டும்தான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் எதைப் பொறுத்து மற்றது மாறுகிறதோ அதைக் கிடை அச்சில் போட்டோம். பொருளாதாரத்தில் விலை செங்குத்து அச்சில் நிற்கும். ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் அது. கோட்டைத் தலைகீழாகப் படிக்கிறோமோ என்று திகைக்க வேண்டாம்.

அதே மார்ஷல் 1906இல் புள்ளியியல் அறிஞர் பௌலிக்கு எழுதிய கடிதத்தில், கணக்கைச் சுருக்கெழுத்தாகப் பயன்படுத்துங்கள், பிறகு சாதாரண மொழியில் எழுதி, வாழ்க்கையிலிருந்து உதாரணம் காட்டி, கணக்கை எரித்துவிடுங்கள் என்றார். பொருளாதாரத்துக்குக் கணக்கு தேவையில்லை என்பவர்கள் அந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். எழுதியவர் கேம்பிரிட்ஜில் 1865ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர். முதலில் கணக்கைப் போடச் சொன்னவரும் அவர்தான்.

சரி, என்ன செய்யலாம்? கல்லூரி திறப்பதற்கு முன் கிடைக்கும் கோடை விடுமுறை போதும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம், பத்தாம் வகுப்பில் இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், புள்ளியியல் ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள். வீடியோ பார்த்துத் தலையாட்டினால் வராது, நோட்டில் போட வேண்டும். நேரம் மிஞ்சினால் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்தில் வகையீட்டுப் பகுதியைத் தொடுங்கள். நெகிழ்ச்சி அங்கேயும் வருகிறது.

எல்லாச் சுமையையும் பிள்ளைகள் தலையில் வைப்பதும் நியாயமில்லை. கணக்கு இல்லாத பிரிவிலிருந்து வருபவர்களையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள், முதல் இரண்டு வாரத்தையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல், சாதாரணமாக, கரும்பலகையில் பின்னத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் துறையில் இருக்கும் நண்பர்கள் இந்த ஜூனிலேயே இதைச் செய்ய முடியுமா என்று உங்கள் துறைத்தலைவரிடம் கேளுங்கள்.