எச்சரிக்கை இல்லாத கடி

"தனியாக் கிடந்தா எதுக்கும் வெறி பிடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தனிமையில் வளர்ந்த எலிகளை ஆராய்ந்தவர்கள் கண்டது அதைவிட மோசம். அவற்றுக்குச் சண்டை போடும் முறையே தெரியாமல் போகிறது.

சோதனை எளிமையானது. ஆண் எலியை அதன் கூண்டிலேயே விட்டு, மரத்தூளைச் சில நாள் மாற்றாமல் அதன் வாடை தங்கும்படி விடுவார்கள். பிறகு அதைவிட எடை குறைந்த ஓர் அந்நிய ஆணை உள்ளே விட்டுச் சில நிமிடம் படம்பிடிப்பார்கள். முதல் கடிக்கு எத்தனை நொடி, மொத்தம் எத்தனை கடி என்று எண்ணுவது வழக்கம். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடி எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம் என்பேன்.

கூட்டத்தில் வளர்ந்த எலி முதலில் மயிரைச் சிலிர்த்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி மிரட்டும். கடித்தாலும் பெரும்பாலும் முதுகு, பின்பக்கம் என்று பெரிய சேதம் வராத இடத்தில்தான். பால்குடி மறந்ததும், அதாவது 21ஆம் நாளில், பிரித்து ஏழு வாரம் தனிக்கூண்டில் வைத்த எலி மிரட்டாமலே பாய்கிறது. தலை, தொண்டை, வயிறு என்று குறிவைக்கிறது. புடாபெஸ்டில் யோசெஃப் ஹாலர் குழுவினர் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படி வளர்ந்ததைப் பிறகு கூட்டத்தில் விட்டால் மட்டும் சரியாவதில்லை. ஃப்ளூஆக்செடின் என்ற மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தாலும் சரியாவதில்லை. மருந்தும் சகவாசமும் சேர்ந்தபோதுதான் பலன் தெரிந்தது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு நல்ல விடை 2018இல் கலிபோர்னியாவின் கால்டெக் ஆய்வுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மோரியல் ஜெலிகோவ்ஸ்கியும் டேவிட் ஆண்டர்சனும் சுண்டெலிகளை இரண்டு வாரம் தனியே வைத்தார்கள். அந்நிய எலியைக் கண்டால் பாய்ந்தன. பயமுறுத்த ஆய்வாளர்கள் எழுப்பிய சத்தம் ஓய்ந்த பிறகும் பயத்தில் உறைந்தே கிடந்தன. ஒரே ஒரு நாள் பிரித்துவைத்தவற்றிடம் இந்த மாற்றம் இல்லை. இரண்டு வாரத் தனிமையில் டாக்2 என்ற மரபணு முடுக்கிவிடப்பட்டு, நியூரோகினின் பி என்ற நரம்புப் பெப்டைடு (நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் சிறு புரதம்) மூளையில் பல இடங்களில் கூடியிருந்தது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் ஒரு பகுதியில் அதை அடக்கினால் சண்டை குறைந்தது, பயம் அப்படியே இருந்தது. பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியில் அடக்கினால் நேர்மாறு. அந்தப் பெப்டைடு போய் ஒட்டும் ஏற்பியை அடைக்கும் ஓசானெட்டன்ட் என்ற மருந்தைக் கொடுத்தபோது தனிமையின் பெரும்பாலான விளைவுகள் மறைந்தன.

உடனே "தனிமைக்கு மாத்திரை" என்று சிலர் தலைப்புப் போட்டார்கள். அது அவசரம். இதே மருந்து மனச்சிதைவு நோய்க்காக மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு, போதிய பலன் இல்லாமல் கைவிடப்பட்டது. பாலினமும் இடிக்கிறது. நான்கு வாரத் தனிமையில் ஆண் சுண்டெலிகளின் மூளையில் அல்லோபிரெக்னனோலோன் என்ற அமைதிப்படுத்தும் ஸ்டீராய்டு சரிகிறது. பெண்ணில் சரிவதில்லை, சண்டைக் குணமும் ஏறுவதில்லை. ஆணிடம் கண்டதை எல்லாருக்கும் பொதுவாக்குவது பழைய வியாதி.

எந்த வயதில் பிரித்தோம் என்பதும் சும்மா விஷயமில்லை. பால்குடி மறந்த கையோடு இரண்டு வாரம் தனியே இருந்த சுண்டெலிகளுக்கு முன்மூளையில் நரம்பு இழைகளின் மையலின் உறை மெலிந்தது; பிறகு கூட்டத்தில் விட்டும் தேறவில்லை. வளர்ந்த சுண்டெலிகளை எட்டு வாரம் பிரித்தபோதும் மையலின் குறைந்தது, ஆனால் நான்கு வாரச் சகவாசத்தில் மீண்டது.

சுண்டெலி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே ஈற்று ஆண்களைப் பால்குடி மறந்ததிலிருந்தே ஒன்றாக வையுங்கள். இடையில் பிரித்த வளர்ந்த ஆணைத் திரும்பச் சேர்த்தால் ரத்தம் பார்க்கும். கூண்டு கழுவும்போது பழைய கூட்டுப் பஞ்சைப் புதுக்கூண்டுக்கு மாற்றுங்கள், மூத்திரம் ஊறிய மரத்தூளை வேண்டாம். பஞ்சின் வாடை சண்டையைத் தணிக்கும். மூத்திர வாடை கிளப்பிவிடும்.

இனி நம் ஊர் நாய்க்குட்டி விஷயம். முப்பது, நாற்பது நாளில் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்று 2017 நாய் வளர்ப்பு விற்பனை விதிகளே சொல்கின்றன, யார் கேட்கிறார்கள்? குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று பழகுவது உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான். அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்தி விளையாட்டை விட்டுப் போய்விடும். அந்தப் பாடம் முடியாத குட்டியை வாங்கி, "ஆளைக் கண்டா பாயணும்" என்று கேட்டோரத்தில் சங்கிலியில் கட்டி, உறுமினால் அடித்து வளர்க்கிறோம். அடி வாங்கிய நாய் உறுமலைத்தான் விடும், கடியை விடாது.

எட்டு வாரம் நிறைந்த குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆனதும், தடுப்பூசி போட்ட சாதுவான நாய்களோடு பழக விடுங்கள். தெருவில் கண்ட இடத்தில் இறக்காதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் வரும். மூன்றாவது மாதம் தாண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பழக்குவது ரொம்பவே கஷ்டம்.