அலை என்றால் 1984-ஐப் பார்க்க வேண்டும்

2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் டிரம்ப் பெற்றது வரலாறு காணாத அலை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 312 தேர்வாளர் வாக்குகள் (மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்டு, அதிபர் யார் என்பதைத் தீர்மானிக்கும் வாக்குகள்) நல்ல வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் 2020-இல் பைடனுக்கே 306 கிடைத்தது. 2012-இல் ஒபாமாவுக்கு 332. அலை என்றால் 1984 தான். அப்போது அதிபராக இருந்த ரீகன் 50-இல் 49 மாநிலங்களை அள்ளினார். எதிர்த்து நின்ற மாண்டேலுக்குச் சொந்த மாநிலமான மின்னசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே மிஞ்சின.

டிரம்புக்கு இந்த முறை மக்கள் வாக்கில் பாதிகூட முழுசாக வரவில்லை. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் சுமார் 2.3 லட்சம் வாக்குகள். அந்த மூன்றும் கைமாறியிருந்தால் எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸ் வெற்றிக்குத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகளைச் சரியாகத் தொட்டிருப்பார்.

அப்புறம், தோற்றுப்போன அதிபர் ஒருவர் மறுபடி வென்று வருவது 1892-இல் குரோவர் கிளீவ்லாண்டுக்குப் பிறகு இப்போதுதான் நடந்திருக்கிறது. எனக்குப் பெரிய வியப்பு அதுதான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!