போனில் பார்த்ததும் வைத்தியம்தான்

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி மண்டபத்தில் ஒரு பெரியவர் பேசியதை நீங்கள் எல்லோரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலைந்து பேர் அனுப்பியிருந்தார்கள். "கொரோனா நேரத்தில் பைத்தியத்துக்குக்கூடப் போனிலேயே வைத்தியம் பார்த்தார்கள்" என்று அந்தப் பெரியவர் சொல்கிறார். மண்டபமே சிரிக்கிறது. முன்வரிசையில் சிரித்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு மொய் எழுதியிருக்கிறேன்.

மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. போனில் பார்த்ததும் வைத்தியம்தான். எங்கள் ஆத்தா இன்று நடமாடுவது அந்த வைத்தியத்தால்தான்.

ஆத்தாவுக்கு இருதுருவ மனநிலை நோய்: மனம் சில காலம் அளவுமீறிய உற்சாகத்தில் ஏறும், சில காலம் ஆழ்ந்த சோர்வில் விழும். அதைக் கட்டுப்படுத்த இருபது வருடமாக லித்தியம் சாப்பிடுகிறார். கறாரான மருந்து அது. இரத்தத்தில் அளவு குறைந்தால் நோய் திரும்பும், கூடினால் அதுவே நஞ்சு. மருத்துவர் மதுரையில். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். அதே மார்ச் 25 அன்றுதான் தொலைமருத்துவ நெறிமுறைகளும் வெளிவந்தன. பேச்சு, காணொளி, எழுத்து எந்த வழியிலும் பதிவுபெற்ற மருத்துவர் நோயாளியைப் பார்க்கலாம், மருந்துச் சீட்டைப் படமாக அனுப்பலாம் என்று முறையாக எழுதிவைத்தார்கள். யாரோ வேறு வழியில்லாமல் ஒப்பேற்றிய காரியம் இல்லை இது.

எங்கள் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வளவில், அதாவது உள்முற்றத்தில், ஒருவர் இருமினால் இரண்டாம் கட்டு வரை கேட்கும். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம் என்றால் அந்தச் சுவரின் கனத்துக்கு சிக்னல் வராது. சிக்னல் கிடைப்பது முகப்பில் மட்டும். அங்கே பேசினால் தெருவுக்கே கேட்கும். ஆத்தாவைத் தூண் மறைவில் உட்காரவைத்துவிட்டு நான் வெளித்திண்ணையில் காவல் இருந்தேன். ஊரடங்கிலும் எட்டிப் பார்க்கிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

சித்திரை வெயில். "ஆச்சி, இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள்" என்றார் மருத்துவர். நீட்டினார். விரல்கள் நடுங்கின. வயதாகிவிட்டது, அதனால் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வயிற்றுப்போக்கு உண்டா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, மருந்து டப்பாவையே கேமரா முன்னால் காட்டச் சொன்னார். அதில் கிடந்தது மூட்டுவலி மாத்திரை. கடையில் கேட்டு வாங்கிப் பத்து நாளாகச் சாப்பிட்டிருக்கிறார், எனக்கே தெரியாது. அந்த வகை வலி மாத்திரைகள் இரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். வெயிலில் வேர்த்து, தண்ணீரும் குறைந்தால் இன்னும் ஏறும். வலி மாத்திரை, லித்தியம் இரண்டையும் உடனே நிறுத்தச் சொல்லி, அன்றே காரைக்குடியில் இரத்தம் எடுக்க வைத்தார். முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அளவு கூடித்தான் இருந்தது.

இத்தனை வருடம் மதுரைக்கு நேரில் போனோமே, ஒருமுறைகூட அந்த டப்பாவைக் கொண்டுபோனதில்லை. சொல்லுங்கள், எது வைத்தியம்?

"நேரில் பார்ப்பதுபோல் வருமா" என்று கேட்பீர்கள். வராது. போன் வழியாக இரத்தம் எடுக்க முடியாது. உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவரைப் போனில் பேசி மட்டும் காப்பாற்றிவிட முடியாது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் யார் மறுத்தார்கள்? அந்த ஏப்ரலில் எங்களுக்கு நேரில் போகும் வழி இருந்ததா? போன் இருந்தது. அதை விட்டால் ஒன்றும் இல்லை.

"வயசானவர்களுக்குப் போனெல்லாம் எங்கே தெரியும்" என்று ஒருவர் அந்தக் காணொளிக்குக் கீழே எழுதியிருக்கிறார். நம் ஊர்களிலா இந்தக் கேள்வி? பாதி வீட்டில் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பேரனுக்குப் பல் முளைத்ததைப் போனில் பார்த்துவிட்டுத்தான் நம் ஆச்சிகள் சாப்பிட உட்காருகிறார்கள். பேரன் முகத்தைப் பார்த்தால் பார்த்ததுதான், மருத்துவர் முகத்தைப் பார்த்தால் மட்டும் பார்த்தது ஆகாதா?

உங்களுக்கு வசதி இருந்தது என்பார்கள். இருந்தது. இல்லாதவர்களுக்காகத்தான் நானும் பேசுகிறேன். சென்னையில் மனநலத்துக்காக இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பு 2010-லேயே புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே ஒரு திரை, திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர், மருந்து அங்கேயே கையில். செட்டிநாட்டு ஊர்களில் சில அந்த மாவட்டத்துக்குள்தான் இருக்கின்றன. கொரோனாவுக்குப் பத்து வருடம் முன்னால் நம் வாசலிலேயே நடந்தது இது. இன்று அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, 2022 அக்டோபர் 10 முதல். பட்டன் போன் போதும், காசு கிடையாது. 2015-16 தேசிய மனநல ஆய்வில் மனநோய் உள்ள பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று தெரிந்தது. அந்த ஏழு பேரில் ஒருவர் போனைக் கையில் எடுக்கத் தயங்கிக்கொண்டு அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால்? அந்தச் சிரிப்பைக் கேட்டபின் எடுப்பாரா?

அந்தச் சொல்லையும் விடமாட்டேன். பைத்தியம். ஊரடங்கில் மருந்துக் கடைக்காரர் என் போனில் இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "மெண்டல் மாத்திரையா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். பின்னால் நின்றவர் ஆறடி இடைவெளியைப் பத்தடி ஆக்கிக்கொண்டார். பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று எத்தனை வீட்டில் நோயாளியை வீட்டின் கடைசிக் கட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்! ஏர்வாடி நமக்கு எவ்வளவு தூரம்? அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த இருபத்தெட்டுப் பேர் எரிந்துபோனார்கள். அவர்களையும் ஒரு காலத்தில் இந்தச் சொல்லால்தானே அழைத்திருப்பார்கள்? அவர்களுக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

ஆத்தா அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டார். யாரோ குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மருத்துவரோடு போனில் பேச வேண்டும். "வேண்டாம், மதுரைக்கே போய்விடலாம். முகப்பில் உட்கார்ந்து பேசினால் யார் காதிலாவது விழும்" என்கிறார். அந்த முழங்காலோடு, இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பஸ் பயணம்.

இந்தப் பதிவை அவரிடம் படித்துக் காட்டினேன். நம் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் போடாதே என்றார். போடவில்லை. செவ்வாய்க்கிழமை பற்றி இன்னும் பதில் சொல்லவில்லை.